சோளகக் காலத்தில் முற்றத்துப் பூஞ்செடிகள்

இந்த அத்தியாயத்தில் வரும் வேலைகளில் பாதியைக் கோடை வருமுன்னே, பங்குனி முடிவதற்குள் செய்து முடித்திருக்க வேண்டும். ஆனி, ஆடியில் நிலம் வெடித்து, கிணற்று வாளி அடிமண்ணைத் தட்டத் தொடங்கிய பிறகு இதைத் திறந்து பார்ப்பவருக்குத் தண்ணீர் விடும் முறையை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். ஆகவே இதைத் தை மாதத்தில் ஒருமுறை வாசியுங்கள். சித்திரையில் மறுபடி வாசியுங்கள்.

எங்கள் ஊரான ஜெயபுரம் பூநகரிப் பிரதேசத்தின் உட்பக்கத்தில், ஏ32 வீதியோரம் இருக்கிறது. மேற்கே கடல் தூரமில்லை. எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். சித்திரையில் பின்னேரங்களில் இடியோடு சில மழை விழும். அதற்குப் பிறகு புரட்டாசி வரை வானத்தை நம்ப முடியாது. அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக வன்னிக்கு வருகிறது. அதைத்தான் சோளகம் என்கிறோம். வெயிலும் இரண்டு தரம் உச்சியில் நிற்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகிறது. பிறகு வடக்கே போய், ஓகஸ்ட் கடைசியில் திரும்பவும் உச்சிக்கு வருகிறது. சித்திரை உச்சியில் நிலத்தில் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கும். ஆவணி உச்சியில் ஒன்றும் இராது. செடிகள் அதிகமாகச் சாவது ஆவணியில்தான்.

வெயிலைவிடக் காற்றுக்குப் பயப்படுங்கள். நனைந்த சேலை வெயிலில் காய்வதைவிடக் காற்றில் எவ்வளவு விரைவாகக் காயும் என்று கிணற்றடியில் நிற்கும் எவருக்கும் தெரியும். இலையும் அப்படித்தான். வேர் உறிஞ்சி அனுப்பும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடினால், முதலில் மொட்டு உதிரும், பிறகு பழைய இலை மஞ்சளாகி விழும், கடைசியாக நுனிக்கொப்பு காயும். இந்த ஒழுங்கை நினைவில் வையுங்கள். மொட்டு உதிரும்போதே கவனித்தால் செடி பிழைத்துவிடும்.

இங்கே நான் முதன்மையாகச் சொல்வது செவ்வரத்தையைப் பற்றி. சாமிக்கு வைக்கவும் தலைக்கு அரைத்துப் பூசவும் வேலியோரம் நிற்கவும் இதைப்போல் பயன்படும் பற்றை வேறில்லை. நந்தியாவட்டை, எக்சோரா, மருதோன்றி, கறிவேப்பிலை, தேசி, மாதுளை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே முறைதான். எங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

போருக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்தவர்களில் பலர் தங்கள் வளவைக் கிணற்றையும் மரங்களையும் வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைக் கதியால்களைக் காடு மூடியிருந்தது. பல கோடைகள் ஒரு கை தண்ணீர் கூட விடாமல் சில செடிகள் நின்றன. அலரி நின்றது, கறிவேப்பிலை அடியிலிருந்து குருத்துவிட்டு நின்றது, சில வளவுகளில் பழைய செவ்வரத்தையும் மெலிந்துபோய் நின்றது. நாள்தோறும் தண்ணீர் ஊற்றி வளர்த்த செல்லச் செடிகள் ஒன்றையும் காணவில்லை. நின்ற செடிகளின் வேர் ஆழத்துக்குப் போயிருந்தது. கோடையில் நாம் செய்யும் வேலை முழுவதும் வேரைக் கீழே போகவைக்கும் வேலை என்று எனக்கு விளங்கியது அதற்குப் பிறகுதான்.

தண்ணீர்

பலரும் செய்யும் பிழையிலிருந்து தொடங்குகிறேன். பின்னேரம் முகம் கழுவிய கையோடு ஒவ்வொரு செடிக்கும் அரை வாளி ஊற்றுவது. மேல்மண் கறுத்து, பார்க்க மனதுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் இரண்டு அங்குலத்துக்குக் கீழே போவதில்லை. மறுநாள் பத்து மணிக்குள் காற்று அதைக் கொண்டுபோய்விடும். ஈரம் மேலேயே கிடைப்பதால் வேரும் மேலே வந்து படரும். பிறகு இரண்டு நாள் நீங்கள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கோ கலியாண வீட்டுக்கோ போய்விட்டால், சூடேறிய மேல்மண்ணில் அந்த வேர் வெந்துவிடும். நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் ஊற்றினேன். கிணற்றடிக்கு அருகே வைத்த ஐந்து செவ்வரத்தையில் மூன்றை இழந்தேன்.

கணக்குப் பாருங்கள். நாளுக்கு அரை வாளி என்றால் வாரத்துக்கு மூன்றரை வாளி. அதே செடிக்கு வாரத்தில் ஒரே நாளில் மூன்று வாளி, அதாவது முப்பது லீற்றர் அளவு விட்டால் தண்ணீரும் குறைவு, ஈரமும் ஒரு அடி ஆழத்துக்குப் போகும். நான்கு அடி அகலத்துக்குக் கொப்பு விரிந்த, இரண்டு வயது கடந்த செவ்வரத்தைக்கு இது போதும். மணற்பாங்கான செம்மண்ணில் வாரம் ஒருமுறை, குளத்துப் பக்கத்துக் களிமண்ணில் பத்து நாளுக்கு ஒருமுறை நான்கு வாளி. புதிதாக வைத்த கன்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. முதல் கோடையில் அதற்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை வாளி வேண்டும். பிறகு மூன்று நாள், நான்கு நாள் என்று இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

மண் எதுவென்று தெரியாவிட்டால் ஒரு பிடியை நனைத்துக் கையில் உருட்டிப் பாருங்கள். உருண்டையே பிடிபடாவிட்டால் மணல். உருண்டை பிடித்து, திரியாக உருட்டும்போது உடைந்தால் கலப்பு மண். விரல் நீளத்துக்குத் திரியாக வந்து வளைந்தால் களி.

தண்ணீரைத் தண்டின் அடியில் ஊற்றாதீர்கள். உறிஞ்சுகிற சிறு வேர்கள் கொப்பு முடியும் எல்லைக்கு நேர் கீழே இருக்கின்றன. உச்சிவெயிலில் செடியின் நிழல் விழும் வட்டத்தைப் பார்த்து, அந்த வட்டத்தின் ஓரத்தில் அரைச் சாண் உயர வரம்பு கட்டுங்கள். தண்டைச் சுற்றி மண்ணைச் சற்று மேடாக்கி விடுங்கள். அப்போது தண்ணீர் பாத்தியின் வெளிப்பக்கத்தில் நிற்கும், தண்டு காய்ந்திருக்கும். முதலில் ஒரு வாளியை மெதுவாக ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். நன்றாகக் காய்ந்த மண் முதல் தண்ணீரை உடனே குடிக்காது. மேலால் ஓடவிடும். அது இளகிய பிறகு மற்ற இரண்டு வாளியையும் ஊற்றுங்கள். மறுநாள் ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். ஈரமான இடம் வரை கம்பி இலகுவாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். ஒரு அடி இறங்கினால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

மத்தியானம் இலை தொங்குவதைக் கண்டு உடனே வாளி தூக்க வேண்டாம். அந்த நேரம் ஈரமான நிலத்தில் நிற்கும் செடியும் தொங்கும், வெயில் சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவு முழுவதும் இளைப்பாறிய பிறகும் இலை தொங்கினால் அதுதான் தாகம். களிமண்ணில் இன்னொன்றும் உண்டு. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் நின்று வேர் அழுகினாலும் இலை இதேபோல் தொங்கும், மஞ்சளாகும். கம்பியைக் குத்திப் பார்க்காமல் மேலும் ஊற்றினால் செடி போய்விடும்.

சவர்த் தண்ணீர்

பூநகரிப் பக்கத்தின் பெரிய துன்பம் இது. மாரியில் நல்லதாக இருந்த கிணறு, ஆடியில் நீர்மட்டம் இறங்க இறங்கச் சவராகிறது. இலையின் நுனியும் ஓரமும் நெருப்பில் காட்டியதுபோல் கபிலமாகக் கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது உப்பை நாள்தோறும் மேல்மண்ணில் சேமிப்பதுதான். ஒரேயடியாக ஆழத்துக்கு விடும்போது, சேர்ந்த உப்பும் வேருக்குக் கீழே தள்ளப்படும். சவர்த் தண்ணீரை இலையில் படவிடக் கூடாது. மழைத்தண்ணீர்த் தாங்கி வைத்திருப்பவர்கள், குடிக்கவும் சமைக்கவும் போக மிஞ்சுவதை மாதம் ஒருமுறை செடிக்கு விட்டால் அது மண்ணைக் கழுவிக் கொடுக்கும்.

தேசி உப்பைத் தாங்கவே தாங்காது. செவ்வரத்தை ஓரளவு தாங்கும். அலரியும் போகன்வில்லாவும் நன்றாகத் தாங்கும். கிணறு ஒவ்வொரு ஆடியிலும் சவராகும் வளவில் தேசியை வைத்து வருத்தப்படுவதைவிட, மாதுளையை வையுங்கள். அலரி வைப்பவர்கள் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். வெட்டிய கொப்பை அடுப்புக்கும் போடாதீர்கள்.

உடுப்புத் தோய்க்கும் தண்ணீரில் முதல் சவர்க்காரத் தண்ணீரை விட்டுவிட்டு, இரண்டாம் மூன்றாம் அலசல் தண்ணீரைச் செடிக்கு விடலாம். வெளிற்றும் தூள் கலந்ததை விட வேண்டாம்.

நிலத்தை மூடுதல்

தண்ணீர் விடுவதில் பாதி வேலையை மூடாக்கு செய்துவிடும். வெறும் மண்ணும் நான்கு அங்குலம் சருகு மூடிய மண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், மத்தியானத்தில் இரண்டிலும் கையை வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

கிடைப்பதைப் போடுங்கள்: வைக்கோல், வாழைச் சருகு, பூவரசங் குழை, வேலியில் வெட்டிய சீமைக்கிளுவை. சீமைக்கிளுவை எனக்கு மிகப் பிடித்தது. விரைவில் உக்கி உரமும் ஆகிறது. மூடாக்கு நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளியிருக்க வேண்டும்.

சருகு அள்ளக் காட்டோரம் போகிறவர்கள், வெடிபொருள் அகற்றியதாக அறிவிக்கப்படாத இடத்துக்குள் கால் வைக்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

வன்னியில் மூடாக்கின் எதிரி கறையான். தடியும் பட்டையும் காய்ந்த தென்னோலை மட்டையும் போட்டால் அது வரும், மூடாக்கு தீர்ந்ததும் தண்டைத் தின்னும். ஆகவே மெல்லிய இலை குழைகளையே போடுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் விடும்போது ஒரு தடியால் கிளறிவிடுங்கள். மண்புற்றுப் போல் கோடு கண்டால் உடைத்து, அந்த இடத்தில் வேப்பம் பிண்ணாக்குத் தூவுங்கள்.

உரிமட்டை உள்ள வீட்டுக்கு இன்னொரு வழி உண்டு. தென்னைக்கு உரிமட்டை புதைக்கும்படி லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. பூஞ்செடிக்கும் அது பொருந்தும். கொப்பு எல்லையில் ஒரு அடி ஆழத்துக்கு வட்டமாக வாய்க்கால் வெட்டி, உரிமட்டையைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வைத்து மண்ணால் மூடுங்கள். இதை மார்கழி, தையில், மண் நனைந்திருக்கும்போதே செய்ய வேண்டும். மட்டை மழையைக் குடித்து வைத்திருந்து வைகாசி, ஆனியில் வேருக்குக் கொடுக்கும். காய்ந்த மட்டையை ஆடியில் புதைத்தால், நீங்கள் விடும் தண்ணீரையும் அதுவே முதலில் குடித்துவிடும்.

இரண்டு நாள் மூன்று நாள் வீட்டில் இல்லாதவர்களுக்கு மண்முட்டி நல்லது. மெருகு பூசாத பழைய முட்டியைச் செடியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பிச் சிரட்டையால் மூடுங்கள். மண் காயக் காய முட்டி கசியும், ஈரமாக இருந்தால் கசிவு குறையும். சீனாவில் கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு வேளாண்மை நூலிலேயே இந்த முறை இருக்கிறது. சிரட்டையை மறக்காதீர்கள், மூடாத முட்டி நுளம்பு பெருகும் இடமாகிவிடும்.

முதல் வருடக் கன்றுக்குக் காற்று மறைப்பும் தேவை. தென்மேற்குப் பக்கத்தில் இரண்டு கதியால் நட்டு ஒரு கிடுகைக் கட்டிவிடுங்கள். நாலா பக்கமும் அடைக்க வேண்டாம், உள்ளே வெக்கை தேங்கும். மேய்ச்சல் காய்ந்த மாதங்களில் ஆடுமாடு பச்சையைத் தேடி வேலி உடைக்கும். செவ்வரத்தைக் குருத்தென்றால் ஆட்டுக்கு அவ்வளவு விருப்பம். கன்றைச் சுற்றி இலந்தை முள்ளையோ பனங்கருக்கையோ போட்டு வைத்தால் காப்பாற்றலாம்.

செய்யக் கூடாதவை

கோடையில் வெட்டாதீர்கள். கொப்பை வெட்டினால் செடி புதுத் தளிர் விடும். அந்தத் தளிர்தான் தண்ணீரை அதிகம் கேட்கும், முதலில் கருகும். காய்ந்த நுனியை மட்டும் முறித்துவிடலாம். பசளையும் போடாதீர்கள். யூரியா தளிரைத் தள்ளும், காய்ந்த மண்ணில் வேரைச் சுடும். உக்காத மாட்டெருவும் அப்படித்தான். கடைசிப் பசளை சித்திரை மழையோடு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு கடகம். பிறகு ஐப்பசி வரை ஒன்றும் வேண்டாம்.

பூ குறைந்துவிட்டதே என்று வருந்துபவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் எங்கள் உறவுகள் சிலரின் தோட்டங்களில் விட்ச் ஹேசல் என்று ஒரு பற்றை உண்டு. வட அமெரிக்கா, சீனா, யப்பான் நாடுகளுக்கு உரியது. இலை எல்லாம் கொட்டும் குளிர்காலத்தில், நூல் நூலாகக் கிழித்துவிட்டது போன்ற மஞ்சள் பூவை வெறும் கொப்பில் பூக்கும். குளிர் இல்லாத வன்னியில் அது வளராது. ஆனால் அதற்கு அங்கே செய்யும் கோடைப் பராமரிப்பு நாம் செவ்வரத்தைக்குச் செய்வதுதான்: ஆழமாகத் தண்ணீர், தடிப்பாக மூடாக்கு, கத்தரிக்காமல் விடுதல். குளிர்காலப் பூவுக்கான மொட்டை அது கோடையிலேயே கட்டிவிடுகிறது. கோடையில் வாடினால் அந்த வருடப் பூ குறையும். எங்கள் செவ்வரத்தை கோடையில் மொட்டுக் கட்டி வைப்பதில்லை, புதுத் தளிரில்தான் பூக்கும். அது கோடையில் காப்பாற்றி வைப்பது வேரையும் கொப்பையும். அவை இருந்தால் மாரித் தளிர் வரும், பூவும் வரும். ஆகவே ஆடியில் நாளுக்கு ஒரு பூ கிடைத்தால் போதும் என்று விடுங்கள்.

மூன்று செடிகளுக்கு விதி வேறு. மல்லிகை கோடையில் பூப்பது. அதை மார்கழி, தையில் வெட்டியிருப்பீர்கள். பங்குனி முதல் ஆனி வரை அதற்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். தேசியும் மாதுளையும் கொஞ்சம் வாடவிட்டுப் பிறகு தண்ணீர் விட்டால் ஒரேயடியாகப் பூக்கும். பழைய தோட்டக்காரர் இதைத் தெரிந்தே செய்வார்கள். மூன்று வயது கடந்த, திடமான மரத்துக்கு மட்டும் இதைச் செய்யலாம். இலை விடியற்காலையிலும் சற்றுச் சுருண்டிருக்கும் நிலை கண்டதும் வாடவிடுவதை நிறுத்திவிட்டு, முதல் தரம் அரை அளவும் மூன்று நாள் கழித்து முழு அளவும் விடுங்கள். பூத்த பிறகு மறுபடி வாடவிட்டால் பிஞ்சு முழுவதும் உதிரும். சவர்க் கிணற்று வளவில் இந்தப் பரீட்சை வேண்டாம்.

பூச்சி

கோடையில் வருவது பெரும்பாலும் மாவுப்பூச்சி. கொப்பு நுனியிலும் இலைக்கக்கத்திலும் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டும், தளிர் முறுகும், கீழ் இலையில் பிசுபிசுப்பும் கறுப்பும் படியும். பப்பாசி மாவுப்பூச்சி 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்டது. அது பப்பாசியோடு நிற்பதில்லை, செவ்வரத்தையையும் விடாது. அதை அடக்கியது மருந்தைவிட, அதனுள் முட்டையிடும் ஒரு மிகச் சிறிய குளவிதான். அதை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. எறும்பும் மாவுப்பூச்சிக்குக் காவல். அது வேறு பூச்சிகளை விரட்டி, இனிப்பு நீரைக் குடிக்கும். ஆகவே எறும்பு ஏறும் வழியை முதலில் மறியுங்கள்.

அதிகம் பிடித்த நுனியை முறித்து எரியுங்கள். காய்ந்த நுனியை முறிப்பதைத் தவிர, கோடையில் நான் அனுமதிக்கும் வெட்டு இது ஒன்றுதான். மிச்சத்தைத் தண்ணீரைப் பீச்சிக் கழுவி, பின்னேரம் ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். முதலில் ஒரு கொப்பில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நுனி ஒன்றை முறித்து ஒரு பையில் இறுகக் கட்டி, உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கும் போத்தலைவிட அது நல்லது.

முதல் மழை

புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை விழுந்ததும் கத்தியைத் தூக்காதீர்கள். அதற்குப் பிறகு பத்து நாள் வெயில் எறிவதும் உண்டு. நிலம் ஒரு முழம் நனைந்த பிறகு, பெரும்பாலும் ஐப்பசி நடுவில், பாத்தி வரம்பை ஒரு பக்கம் வெட்டிவிடுங்கள். கோடையில் தண்ணீரைத் தேக்கிய அதே வரம்பு மாரியில் வேரை அழுகவைக்கும். உக்காத மூடாக்கைத் தண்டிலிருந்து விலக்குங்கள். அதன் பிறகு செவ்வரத்தையை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டி, மாட்டெரு போடுங்கள்.

வெட்டிய கொப்புகளில் பென்சில் தடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு எடுத்து, கீழ் இலைகளைக் கழித்து, சாய்வாக நட்டால் தை பிறக்குமுன் வேர் பிடிக்கும். அந்தக் கன்றுக்கு வரப்போகும் முதல் கோடைதான் மிகக் கடினமானது. ஆகவே அதை வைக்கும் இடத்தை இன்றே போய்ப் பாருங்கள். கிணற்றடியிலிருந்து நிரம்பிய வாளியை ஆடி மாதத்திலும் உங்களால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய தூரத்துக்குள் அது இருக்கட்டும்.